தேடும் வேலையைக் குறைப்போம்

வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்க்கும் பெண்களை அதிகம் களைப்படையச் செய்வது வீட்டுப் பொருள்களைத் தேடும் வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில், வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி மணமான மகன்களுக்குத் தனித்தனி அறை ஒதுக்கி, அவரவர் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைத்திருப்பதைப் பார்த்தால், எது யாருடையது, எங்கே இருக்கும் என்று கேட்கவே வேண்டியிருந்திருக்காது என்பது விளங்கும்.

அடுக்களையிலிருந்து தொடங்குங்கள். நாள்தோறும் எடுக்கும் உப்பு, புளி, மிளகாய்த்தூள் ஆகியவை கைக்கெட்டும் உயரத்திலும், முறுக்கு உரல், சீப்புச் சீடை அச்சு போன்றவை மேல்தட்டிலும் இருக்கட்டும்.

புதிய பருப்பைப் பழையதன் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தால் அடியில் கிடப்பது வண்டு பிடிக்கும். ஆகையால் டப்பாவைக் காலி செய்து, துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலும் போட்டு, வாங்கிய தேதியைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். முற்றத்து வெயிலில் உலர்த்திய மல்லியையும் மிளகாயையும் சூடு ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பூக்கும்.

பிள்ளைகளின் சீருடையும் புத்தகப் பையும் இரவிலேயே ஓரிடத்துக்கு வந்துவிட வேண்டும்.

மளிகைச் சிட்டையை அடுக்களைக் கதவில் ஒட்டி, எது தீர்ந்தாலும் பார்த்தவரே அதில் எழுதும்படி செய்யுங்கள். அந்தச் சாமான்களை வாங்கி வருவதையும், அதனதன் இடத்தில் அடுக்குவதையும் கணவரும் பிள்ளைகளுமே செய்யட்டும்.