77.45 டிகிரி கிழக்கில் ஒரு வண்டித்தடம்

நாசாவின் ஆளில்லா வண்டியான பெர்சிவரன்ஸ் ரோவர் 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய இடம் 18.44 டிகிரி வடக்கு, 77.45 டிகிரி கிழக்கு. நாகர்கோவிலின் தீர்க்கரேகை 77.43, சுசீந்திரம் 77.47. இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இது வெறும் தற்செயல். பூமியில் கிரீனிச்சிலிருந்து எண்ணுகிறோம், செவ்வாயில் ஏரி-0 (Airy-0) என்ற சின்னப் பள்ளத்திலிருந்து எண்ணுகிறார்கள். ஆனாலும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு எண்ணை நினைவில் வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. வண்டி அங்கிருந்து சுற்றி வளைத்து மேற்கே போய்க்கொண்டிருக்கிறது. நம்ம கணக்கில் தக்கலைத் திசை.

நாசா தளத்தில் ரோவர் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அங்கே கிடைக்கும் எண்ணைச் சாதாரண கூகுள் மேப்பில் போட்டால் மகாராஷ்டிரா, கர்நாடகா, தெலங்கானா எல்லைகள் சந்திக்கும் பக்கம் கொண்டுபோய் விடும். கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, கிரகத்தைச் செவ்வாய்க்கு மாற்றிய பிறகே எண்ணை இட வேண்டும். அடுத்த தவறு தூரக் கணக்கில் நடக்கும். நாகர்கோவிலில் தீர்க்கரேகை 0.01 டிகிரி மாறினால் சுமார் 1.1 கிலோமீட்டர். செவ்வாய் சின்னக் கிரகம். வண்டி இறங்கிய ஜெஸீரோ பள்ளம் இருக்கும் அட்சரேகையில் அதே 0.01 டிகிரி வெறும் 560 மீட்டர்தான். வடக்கு தெற்காக என்றால் 590 மீட்டர். பூமிக் கணக்கை அப்படியே போட்டால் வண்டி ஓடியதைப் போல இரண்டு மடங்கு காட்டும்.

வரைபடத்தைவிட விஷயம் அதிகம் இருப்பது வண்டி அனுப்பும் கச்சாப் படங்களின் கோப்புப் பெயரில். அதை யாரும் கவனிப்பதில்லை. பெயரின் முதல் இரண்டு எழுத்து கேமராவைச் சொல்லும். 'என்எல்' என்றால் வழி பார்க்கும் இடது நேவ்கேம், 'எஃப்எல்' சக்கரத்தருகே தடங்கலைப் பார்க்கும் முன்பக்க ஹாஸ்கேம், 'ஆர்எல்' பின்பக்க ஹாஸ்கேம், 'இசட்எல்' கம்பத்தின் மேல் இருக்கும் மாஸ்ட்கேம்-இசட். அடுத்து வரும் நான்கு இலக்கம் சோல், அதாவது இறங்கியதிலிருந்து எத்தனையாவது செவ்வாய் நாள் என்பது. அதற்குப் பிறகு பத்து இலக்கத்தில் விண்கலக் கடிகாரத்தின் வினாடிகள். இன்னும் தள்ளிப் போனால் 'என்' என்ற எழுத்தும் அதை ஒட்டி ஏழு இலக்கமும் இருக்கும். முதல் மூன்று 'சைட்', அதாவது இடத்தின் எண்; கடைசி நான்கு 'டிரைவ்'. தேவையான புதையல் இந்த ஏழு இலக்கம்தான். நேற்றைய படத்திலும் இன்றைய படத்திலும் இது மாறவில்லை என்றால் சக்கரம் உருளவே இல்லை. டிரைவ் எண்ணை மீட்டர் என்று நினைத்துவிடக் கூடாது, நகர்வின் வரிசை எண் அது. சைட் எண் ஒன்று கூடினால் டிரைவ் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எண் குறைந்துவிட்டதே, வண்டி பின்னால் வந்துவிட்டதோ என்று குழம்ப வேண்டாம்.

நேவ்கேம் படங்கள் துண்டு துண்டாக இருப்பதைப் பார்த்துக் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கேமரா 5120க்கு 3840, கிட்டத்தட்ட 2 கோடி பிக்சல். முழுத் தெளிவோடு அனுப்பும்போது 1280க்கு 960 அளவில் 16 ஓடுகளாகத்தான் வரும். நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். தபால்தலை அளவில் மங்கலாக முதலில் வருவது முன்னோட்டம் மட்டும். அதைப் பார்த்து முடிவு கட்டாமல் ஓரிரு நாள் பொறுத்தால் பெரிய படம் சுற்றுக்கலன் வழியாக வந்து சேரும்.

நாட்காட்டியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சோல் 24 மணி 39 நிமிடம் 35 வினாடி. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ் தினமும் முந்தைய நாளைவிட 40 நிமிடம் பிந்திப் புறப்பட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய 36 நாள் கழித்துத்தான் அது பழைய நேரத்துக்கு வரும். ரோவரின் பகலும் கலிபோர்னியாவில் கட்டளை எழுதுகிறவர்களின் பகலும் அப்படித்தான் விலகி விலகிச் சேர்கின்றன. சரியாகச் சேராத நாட்களில் நேற்றைய ஓட்டத்தின் முடிவைப் பார்க்காமலே இன்றைக்கான கட்டளையை எழுத முடியாது என்பதால், ஒன்று விட்டு ஒரு நாள்தான் வண்டி நகரும். வெள்ளிக்கிழமை வார இறுதிக்கும் சேர்த்து மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். இதைத் தவிர, ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வந்து நிற்கும்போது இரண்டு வாரம் போலக் கட்டளையே போகாது. 2026 ஜனவரி 9 ஒட்டி அப்படி ஒரு இடைவெளி வந்தது.

இந்தக் காரணம் எதுவும் இல்லாமல் சைட்-டிரைவ் எண் நிற்கிறதா? அப்போதுதான் கூர்ந்து பார்க்க வேண்டும். முன்பக்க ஹாஸ்கேமில் வண்டியின் இயந்திரக் கை கீழே இறங்கியிருந்தால் பாறையில் வேலை நடக்கிறது. கையில் இருக்கும் வாட்சன் கேமரா பாறையை விட்டு வண்டியின் அடிவயிற்றையும் தரையையும் எடுக்க ஆரம்பித்தால் ஏதோ சிக்கல். 2021 டிசம்பர் கடைசியில் அதுதான் நடந்தது. பாறையைத் துளைத்து எடுத்த குழாயை உள்ளே வைக்கப் போகும்போது, துளைமுனைகளை அடுக்கி வைத்திருக்கும் சுழல்வட்டில் சிறு கற்கள் விழுந்து வழியை அடைத்துக்கொண்டன. அவசரப்பட்டு எதையும் சுற்றவில்லை. முதலில் வண்டிக்குக் கீழே தரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள், வட்டைத் திருப்பிய பிறகு எது புதிதாக விழுந்தது என்று ஒப்பிட. வாரக்கணக்கில் நகராமல் நின்ற அந்தக் காலத்துப் படங்கள், எந்தச் சாதனை ஓட்டத்தின் படத்தையும்விட எனக்குச் சுவையானவை. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று முதல் துளையிலேயே குழாய் காலியாக வந்தது. கருவியில் குறை இல்லை, பாறை பொடிந்து துளைக்குள்ளேயே தங்கிவிட்டது.

இனித் தடம். பெர்சிவரன்ஸ் சக்கரத்தின் விட்டம் 52.5 சென்டிமீட்டர், சுற்றளவு சுமார் 1.65 மீட்டர். பத்துச் சுற்று சுற்றினால் 16.5 மீட்டர் போயிருக்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கற்களைப் படத்தில் ஒப்பிட்டால் 13 மீட்டர்தான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3.5 மீட்டர் வழுக்கல், 21 சதவீதம். வண்டியின் மென்பொருளும் படத்துக்குப் படம் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. வழுக்கல் எல்லை மீறினால் தானே நின்றுவிடும். நாசாவின் இன்னொரு ரோவரான கியூரியாசிட்டியின் சக்கரத்தில் மோர்ஸ் குறியீடாகத் துளைகளே போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மணலில் ஒரு முத்திரை விழும். அடுத்தடுத்த முத்திரைகளின் இடைவெளியே அளவுகோல்.

மணலை நம்மூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சொத்தவிளை கடற்கரையில் மேல் மணல் லேசாக இறுகி, பார்க்கக் கெட்டியாகத் தெரியும். பைக்கை ஏற்றினால் பொருக்கு உடைந்து ரிம் வரைக்கும் புதையும். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் கீழேதான் போகும். 2009இல் ஸ்பிரிட் ரோவருக்கு நேர்ந்தது இதேதான். மேலே மெல்லிய பொருக்கு, அடியில் பிடிமானமே இல்லாத சல்பேட் மணல். அதன் வலது முன் சக்கரம் 2006லேயே நின்றுபோயிருந்தது, அதை இழுத்துக்கொண்டுதான் ஓடியது. மாதக்கணக்கில் முயன்றும் மீளவில்லை. 2010 மார்ச் 22க்குப் பிறகு சத்தமே இல்லை.

அதற்காக மணலை விட்டுப் பாறை மேலேயே ஓட்டலாம் என்றால் அங்கே வேறு தொல்லை. கியூரியாசிட்டி சக்கரத்தின் அலுமினியத் தோல் 0.75 மில்லிமீட்டர்தான். உதிரிக் கல் என்றால் உருண்டு விலகிவிடும். தரைப்பாறையில் பதிந்து, காற்றால் கூர் தீட்டப்பட்ட கல் அசையாது. மற்ற ஐந்து சக்கரமும் தள்ள, ஆறாவது அதன்மேல் குத்துப்படும். 2013இல் ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. 2017இல் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியாக மாற்றும் மென்பொருளை ஏற்றினார்கள். பெர்சிவரன்ஸுக்குத் தோலைத் தடிமனாக்கி, பிடிமானத்துக்கான 24 பட்டைக்குப் பதில் லேசாக வளைந்த 48 பட்டை வைத்தார்கள். தடத்தைப் பார்த்தே எந்த வண்டி என்று சொல்லிவிடலாம். முறுக்கிய கோணல் கோடு இருந்தால் கியூரியாசிட்டி.

வேகத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். பெர்சிவரன்ஸ் சமதரையில் அதிகபட்சம் மணிக்கு 152 மீட்டர். 2025 ஜூன் 19 அன்று ஒரே சோலில் 411 மீட்டர் ஓடியதைச் சாதனையாக அறிவித்தார்கள். ஸ்பிரிட்டின் இரட்டை வண்டியான ஆப்பர்சூனிட்டி 14 ஆண்டுகளில் மொத்தம் ஓடியது 45.16 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து கிளம்பி நாகர்கோவில், தக்கலை தாண்டினாலும் மார்த்தாண்டத்துக்குச் சில கிலோமீட்டர் முன்னாடியே நின்றிருக்கும். அதை நிறுத்தியது தூசி. முப்பந்தல் காற்றைப் பார்த்தவர்கள் செவ்வாய்ப் புயல் வண்டியைப் புரட்டிவிடும் என்று நினைப்பார்கள். அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் தள்ளு நமக்கு 13 கிலோமீட்டர் காற்று போலத்தான் இருக்கும். தூசி தள்ளவில்லை, வெயிலை மறைத்தது. நாளுக்கு 645 வாட்-மணி வரை கொடுத்துக்கொண்டிருந்த சூரியத் தகடு, 2018 ஜூன் 10 அன்று 22 வாட்-மணிக்கு இறங்கியது. கடைசித் தகவல் வந்தது அன்றுதான். இன்றைக்கு ஓடும் இரண்டு நாசா வண்டிகளும் தலா 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடின் சூட்டில் மின்சாரம் எடுக்கின்றன. தொடக்கத்தில் 110 வாட், வருடா வருடம் கொஞ்சம் குறையும். இரவுக் குளிருக்கு வேண்டிய சூடும் அதிலிருந்தே கிடைக்கிறது.

2027 பிப்ரவரி 19 அன்று செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வரும். அந்த வாரம் கன்னியாகுமரியில் சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில், முதுகுப் பக்கம் கிழக்கே அது சிவப்பாக ஏறும். அப்போது தூரம் சுமார் 10 கோடி கிலோமீட்டர். அங்கிருந்து ரோவர் அனுப்பும் சிக்னல் இங்கே வந்து சேர ஐந்தரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.