இமேஜ் ஏற்றும் வேலை: நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

அலுவலக லேப்டாப்புகளில் நெட்வொர்க் வழியாக இமேஜ் (தயாராக வைத்த விண்டோஸ் நகல்) ஏற்றுவதற்காக, புது சர்வரில் மைக்ரோசாஃப்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜர் நிறுவத் தொடங்கினோம். முன்தேவைச் சோதனையிலேயே நின்றுவிட்டது. அதன் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி, பொருந்தவில்லையாம். நமக்கு வேண்டியது 'எஸ்க்யூஎல் லத்தீன்1 ஜெனரல் சிபி1 சிஐ ஏஎஸ்'. டேட்டாபேஸ் குழு தங்கள் வழக்கப்படி வேறொன்றை வைத்திருந்தது. சர்வர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அதனால் எஸ்க்யூஎல்லை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னேன். டேட்டா சேர்ந்தபிறகு மாற்றுவதென்றால் மாஸ்டர் டேட்டாபேஸையே திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

முன்தேவைச் சோதனையில் சிவப்பாக வரும் பிழைகளைச் சரிசெய்துவிட்டு மஞ்சள் எச்சரிக்கைகளைத் தாண்டிப் போவது பலரின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆக்டிவ் டைரக்டரியின் (நிறுவனத்தின் கணக்குகள், கணினிகளின் பதிவேடு) சிஸ்டம் மேனேஜ்மென்ட் கன்டெய்னரில் சைட் சர்வரின், அதாவது நம் புது சர்வரின், கணக்குக்கு முழு உரிமை வேண்டும் என்பதும் மஞ்சளாகத்தான் வருகிறது. விட்டுவிட்டாலும் நிறுவல் முடியும், ஆனால் சைட்டின் (நம் கான்ஃபிகரேஷன் மேனேஜர் அமைப்பின்) விவரம் டைரக்டரியில் ஏறாது. உரிமை கொடுக்கும்போது, கன்டெய்னருக்குள் பிறகு உருவாகும் எல்லாவற்றுக்கும் அது பொருந்துமாறு கொடுக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

நிறுவல் முடிந்தது. ஏடிகே என்ற மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்போடு வின்பிஇ (நிறுவலுக்கு முன் ஓடும் சிறிய விண்டோஸ்) ஆட்-ஆனையும் மறக்காமல் போட்டாயிற்று. 2018இல் வந்த 1809 பதிப்பிலிருந்து அது தனி டவுன்லோடு.

மார்ச் 7, வெள்ளி

சர்வர் இருக்கும் விலானில் (நெட்வொர்க் பிரிவில்) பிஎக்ஸ்இ பூட், அதாவது நெட்வொர்க் வழியாக மெஷினைத் தொடங்குவது, ஆகிறது, மேல்மாடியில் ஆகவில்லை. பிஎக்ஸ்இ லாகில் ஒரு வரிகூட இல்லை என்பதே பாதி விடை: கோரிக்கை சர்வர் வரை வரவே இல்லை. அந்தக் கோரிக்கை எல்லோருக்குமாக அனுப்பும் பிராட்காஸ்ட், அது ரவுட்டரைத் தாண்டாது. ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியில், பூட் சர்வரையும் பூட் ஃபைலையும் குறிக்கும் 66, 67 ஆப்ஷன்களை நிரப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். 67இல் ஒரே பூட் ஃபைலைத்தான் எழுத முடியும். மெஷினைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸுக்கு ஒன்று, புதிய யூஇஎஃப்ஐக்கு வேறொன்று வேண்டுமே. நெட்வொர்க் குழு அந்த விலானில், பிராட்காஸ்ட்டை ரவுட்டர் தாண்டி அனுப்பிவைக்கும் ஐபி ஹெல்ப்பரில் நம் சர்வரையும் சேர்த்தது. உடனே பூட் ஆனது.

மார்ச் 10, திங்கள்

இன்று முழுக்க ஒரே மாடல் லேப்டாப். நிறுவல் படிகளின் வரிசையான டாஸ்க் சீக்வென்ஸ் தொடங்குகிறது, டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் விழுகிறது, திரையில் ஒரு பிழை எண், பிறகு ரீபூட். "அண்ணா, டிஸ்க் போயிருக்கும், மாத்திடலாமா?" என்றான் தம்பி. இமேஜ் வேலையில் திரையில் வரும் எண்ணை வைத்து முடிவெடுக்கவே கூடாது. அது கடைசியில் விழுந்த இடத்தைச் சொல்கிறதே தவிர, காரணம் பெரும்பாலும் லாகில் அதற்கு முந்தைய வரிகளில்தான் இருக்கும்.

எஃப் 8 அழுத்தி கமாண்ட் விண்டோவைத் திறந்தோம். அந்தக் கறுப்பு விண்டோ திறந்திருக்கும்வரை மெஷின் ரீபூட் ஆகாது, நிதானமாகப் பார்க்கலாம். டாஸ்க் சீக்வென்ஸின் பதிவான எஸ்எம்எஸ்டிஎஸ் லாகைத் தேடுவதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள், ஏனென்றால் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஃபார்மேட்டுக்கு முன் வின்பிஇ ஓடும் எக்ஸ் டிரைவின் டெம்ப் ஃபோல்டரில், பிறகு சி டிரைவின் டாஸ்க் சீக்வென்ஸ் ஃபோல்டரில், கிளையன்ட் (மெஷினில் ஓடும் கான்ஃபிகரேஷன் மேனேஜர் மென்பொருள்) ஏறியபின் சிசிஎம் லாக்ஸ் ஃபோல்டரில். லாகில் கீழிருந்து மேலாகப் போனால், டிஸ்க் எதுவுமே கிடைக்கவில்லை என்று இருந்தது. டிஸ்க்பார்ட் கருவியில் 'லிஸ்ட் டிஸ்க்' கட்டளை கொடுத்தோம். காலி. ஐபி மட்டும் சரியாக வந்திருந்தது.

டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. பயாஸில் விஎம்டி (டிஸ்க்குகளைக் கையாளும் இன்டெல் வசதி) ஆனில் இருக்கிறது, அதற்கான ஸ்டோரேஜ் டிரைவர் பூட் இமேஜில் (மெஷின் முதலில் ஏற்றும் வின்பிஇ இமேஜில்) இல்லை. சேர்த்து, பூட் இமேஜை, மெஷின்களுக்கு ஃபைல்களை வழங்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட்டுகளுக்கு மறுபடி அனுப்பினேன். பூட் இமேஜில் நெட்வொர்க், ஸ்டோரேஜ் டிரைவர்கள் போதும். ஆடியோ, கிராஃபிக்ஸ் என்று திணித்தால் பூட் தாமதமாகும், அவ்வளவுதான் பலன்.

மார்ச் 11, செவ்வாய்

அதே மாடலில் முதல் லேப்டாப் ஏறியது. அதில் பயன்படுத்திய அதே யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை இரண்டாவதில் செருகினால் பிஎக்ஸ்இ மறுக்கிறது. அடாப்டரின் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்) முதல் லேப்டாப்பின் பெயரில் பதிவாகிவிட்டது, ஆகவே இரண்டாவதையும் பழைய மெஷின் என்றே சர்வர் நினைக்கிறது. கான்ஃபிகரேஷன் மேனேஜரின் ஹையரார்க்கி செட்டிங்ஸில், நகல் அடையாளங்களின் பட்டியலில் அந்த மேக்கைச் சேர்த்தேன். இனி மெஷினிலேயே பதிந்திருக்கும் எஸ்எம்பயாஸ் ஐடியை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறியும்.

மார்ச் 13, வியாழன்

மேல்மாடி லேப்டாப்புகள் வரிசையாக ஏறுகின்றன. பூட் இமேஜில் எஃப் 8 வசதியை இன்று நிறுத்திவிட்டேன். சோதனைக்கு மட்டுமே அது. உண்மையான வேலையில் விட்டுவைத்தால், மெஷின் முன் உட்காரும் எவருக்கும் முழு அதிகாரத்தோடு கமாண்ட் விண்டோ திறக்கும்.