கூட்டிக் கேட்டால் குறைத்துவிடுவார்களா? ஒரு முன்னாள் படைவீரனின் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025. கில்லீன், டெக்சாஸ்

முதுகுக்கான ஊனமுற்றோர் உதவித்தொகையைக் கூட்டித் தரும்படி வி.ஏ.விடம், அதாவது அமெரிக்கப் படைவீரர் நலத் துறையிடம், விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதை இந்த மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டவரை மொழித்திறனுக்காக ராணுவத்தில் சேர்க்க 2009-இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால், மாணவர் விசாவில் வந்திருந்த நான் அமெரிக்க ராணுவத்தில் சேர முடிந்தது. 2014-இல் வெளியே வந்தபோது முதுகுக்கு 20 விழுக்காடு, இடது முழங்காலுக்கு 10, காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்கு 10 என்று ரேட்டிங், அதாவது ஊன அளவு, கொடுத்தார்கள். இப்போது காலையில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வலது தொடையின் பின்பக்கமாக ஒரு மரமரப்பு பாதம்வரை இறங்குகிறது.

சான் அன்டோனியோவில் இருக்கும் அண்ணன் ஒருவர், எனக்கு முன்பே கடற்படையில் இருந்தவர், தொலைபேசியில் சொன்னது இது: “தம்பி, பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்டுடாதே. ஃபைலைத் திறக்க வைச்சா முழுசும்தான் திறப்பாங்க.” அவர் தன் தோள்பட்டைக்கு எட்டு ஆண்டுகளாக எதுவும் கேட்காமல் இருப்பதற்கு இந்த ஒரு பயம்தான் காரணம்.

மார்ச் 9

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கூட்டிக் கேட்கும் விண்ணப்பம் போனதும் வி.ஏ. புதிய மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அந்தப் பரிசோதனையில் உடல்நிலை தேறியிருப்பதாகத் தெரிந்தால் ரேட்டிங்கைக் குறைக்க முன்மொழியவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 55 வயதைக் கடந்தவர்களை வழக்கமான மறுபரிசோதனைக்குப் பெரும்பாலும் அழைப்பதில்லை என்ற விதிகூட, நாமே போய்க் கதவைத் தட்டும்போது நமக்குத் துணை நிற்காது.

ஆனால் முன்னாள் வீரர்களின் பேச்சில் மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கேட்ட உயர்வை மறுப்பது ஒன்று. அதில் பழைய தொகைக்கு எந்தச் சேதமும் இல்லை. விழுக்காட்டைக் குறைப்பது இன்னொன்று. காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லி அடியோடு துண்டிப்பது மூன்றாவது. இந்தக் கடைசி வகைக்கு, முன்பு தொடர்பை ஏற்றுக்கொண்டது மறுக்க முடியாத, வெளிப்படையான பிழை என்பதை அரசே நிரூபிக்க வேண்டும்; நம் தலையில் அந்தச் சுமை இல்லை. “அவனுக்கு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க” என்று சொல்லப்படும் கதைகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் முதல் வகையோ, அழைத்த பரிசோதனைக்குப் போகாததால் விண்ணப்பம் தள்ளுபடியானதோதான் உள்ளே இருக்கிறது. தக்க காரணமில்லாமல் பரிசோதனைக்கு வராதவரின் உயர்வு விண்ணப்பத்தை மறுக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது.

மார்ச் 16

ஞாயிறு முழுவதும் கூட்டாட்சி விதித்தொகுப்பில் வி.ஏ. விதிகள் அடங்கிய 38-ஆம் தலைப்போடு கழிந்தது. சட்ட மொழி வறட்டு மொழிதான், ஆனாலும் ஆண்டுகளுக்கு அது தரும் மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு ரேட்டிங் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஒரே நிலையில் இருந்தால், ஏறி இறங்கும் தன்மையுள்ள நோயை ஒரேயொரு பரிசோதனையை வைத்து மட்டும் குறைக்கக் கூடாது. தேறுதல் நிலையானது என்பதை ஆவணங்கள் அனைத்தும் சேர்ந்து தெளிவாகக் காட்ட வேண்டும், அந்தத் தேறுதல் அன்றாட வாழ்க்கையின் நெருக்கடியிலும் தாக்குப்பிடிப்பதாக இருக்க வேண்டும். காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டால், மோசடி நிரூபணமானாலோ, தேவையான ராணுவப் பணியே இல்லை அல்லது ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட விதம் பொருந்தவில்லை என்று பதிவேடு காட்டினாலோ தவிர, அதைத் துண்டிக்க முடியாது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்த விழுக்காட்டை, மோசடி இருந்தாலன்றி, அந்த அளவுக்குக் கீழே இறக்க முடியாது.

என்னுடையவை 2014 முதல் அசையாமல் நிற்கின்றன. ஆகவே துண்டிப்புப் பயம் எனக்கு இல்லை. குறைப்புப் பயம் உண்டு, ஆனால் வி.ஏ. தாண்ட வேண்டிய வேலி உயரமானது.

1993-இல் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பிரவுன் எதிர் பிரவுன் வழக்கையும் படித்தேன். பரிசோதனைத் தாளில் ஓர் எண் மாறியிருப்பது போதாது, வாழ்க்கையிலும் வேலையிலும் அந்த மனிதர் முன்பைவிட நன்றாக இயங்குகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்த்தரப்புப் பிரவுன் அப்போதைய வி.ஏ. செயலர் ஜெஸ்ஸி பிரவுன். அவரே வியட்நாமில் காயமடைந்த மரைன் வீரர்.

மார்ச் 23

பணக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வி.ஏ. விழுக்காடுகளை நேராகக் கூட்டுவதில்லை. மீதமுள்ள திறனிலிருந்து ஒவ்வொன்றையும் கழித்துக்கொண்டே போகும். 20-ஐயும் 10-ஐயும் சேர்த்தால் 28, அதோடு இன்னொரு 10 சேர்ந்தால் 35, அதை முழுப் பத்தாக்கினால் 40. குடும்பத்தாருக்கான கூடுதலை விட்டுவிட்டால் 40 விழுக்காட்டுக்கு இந்த ஆண்டு மாதம் 774.16 டாலர்.

முதுகு 40-க்கு ஏறினால் மொத்தம் 50 ஆகும், தொகை 1,102.04 டாலர். முதுகு 10-க்கு இறங்கினால் மொத்தம் 30, தொகை 537.42. அதாவது என் பந்தயத்தில் போகக்கூடியது மாதம் 236.74, வரக்கூடியது 327.88. இந்தக் கணக்கின் மூலையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: முதுகு 40-க்கு ஏறி, முழங்கால் பூஜ்யத்துக்கு இறங்கினாலும் மொத்தம் அதே 50தான். அப்படிக் கையில் வரும் தொகை குறையாதபோது முன்னறிவிப்பு தர வேண்டியதில்லை என்று 2007-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் போகலாம்.

தொகையே குறைவதானால் கதை வேறு. முதலில் முன்மொழிவுக் கடிதம் வர வேண்டும். ஆதாரம் கொடுக்க 60 நாள், நேரில் வாதிட விரும்பினால் அதைக் கேட்க 30 நாள். அதுவரை பழைய தொகை வந்துகொண்டிருக்கும். இறுதி அறிவிப்புக்குப் பிறகும் 60 நாள் கழிந்து, அந்த மாதம் முடிந்த பின்தான் குறையும். இந்த வரிசையில் வி.ஏ. ஒரு படியைத் தவறவிட்டாலும் குறைப்பே செல்லாது என்று நீதிமன்றங்கள் பழைய தொகையைத் திரும்பக் கொடுத்த வழக்குகள் உண்டு.

ஏப்ரல் 2

மாவட்டப் படைவீரர் சேவை அலுவலகத்துக்குப் போனேன். அங்குள்ள அலுவலர் வளைகுடாப் போருக்குப் போய்வந்த பெண்மணி. சேவைக்குக் காசு வாங்குவதில்லை. (சென்ற வாரம் ஒரு நிறுவனம் தானாகவே அழைத்து, உயரும் தொகையில் ஐந்து மாதப் பணத்தைக் கட்டணமாகக் கேட்டது. அங்கீகாரம் உண்டா என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.)

அவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார். இந்த மூன்று ஆண்டு மருத்துவக் குறிப்புகளில் முதுகு பற்றி என்ன எழுதியிருக்கிறது? “நன்றாக இருக்கிறார், வலி இல்லை” என்று எங்காவது இருக்கிறதா? கோப்பு என்ன பேசுகிறது என்று தெரியாமல் விண்ணப்பிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்றார். என் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. பிசியோதெரபி குறிப்புகளில் வலி கூடிவருவதுதான் இருந்தது. முதுகோடு வலது கால் மரமரப்பையும் தனிக் கோரிக்கையாகச் சேர்த்தோம், ஏனென்றால் முதுகெலும்பிலிருந்து வரும் நரம்புப் பாதிப்பைத் தனியாக மதிப்பிட வேண்டும் என்று ரேட்டிங் அட்டவணையே சொல்கிறது. முழங்காலையும் காதையும் தொடவில்லை.

மே 14

இன்று சி அண்ட் பி பரிசோதனை, அதாவது விண்ணப்பத்துக்காக வி.ஏ. உத்தரவிட்ட மருத்துவப் பரிசோதனை. மருத்துவர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோணமானியை என் இடுப்போரம் வைத்து, குனியச் சொன்னார். வலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முதலில் 50 பாகை, மூன்று முறை குனிந்து நிமிர்ந்த பின் 45. முதுகுக்கு 40 விழுக்காடு கிடைக்க முன்புறக் குனிவு 30 பாகையோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். 30-க்கு மேல் 60 வரை இருந்தால் 20தான். எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அதே சமயம், 2014-இல் எடுத்த அளவு 55 என்பதால், தேறிவிட்டேன் என்று சொல்லவும் இடமில்லை.

வலி முற்றும் நாட்களைப் பற்றியும் கேட்டார்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், அப்போது எதைச் செய்ய முடியாது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். “அங்கே போய் மோசமான நாளைப் போல நடி” என்று காணொளிகளில் வகுப்பெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். பத்து ஆண்டுப் பாதுகாப்பையும் இருபது ஆண்டுப் பாதுகாப்பையும் உடைக்கும் மோசடி என்ற ஆயுதத்தை வி.ஏ. கையில் கொடுப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஆகஸ்ட் 9

5-ஆம் தேதியிட்ட தீர்ப்புக் கடிதம் வந்தது. முதுகுக்கு 20 விழுக்காடு தொடர்கிறது. வலது காலின் நரம்புப் பாதிப்புக்கு, முதுகின் விளைவாக, புதிதாக 10. முழங்காலும் காதும் பழையபடியே.

20, 10, 10, 10 ஆகியவற்றை, இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டதற்கான சிறு கூடுதலோடு அவர்கள் முறையில் சேர்த்தால் 43. முழுப் பத்தாக்கினால் 40. மாதத் தொகையில் ஒரு சென்ட்கூட மாறவில்லை. அண்ணனிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, “அப்ப எதுக்குடா இவ்வளவு அலைச்சல்?” என்றார். கால் இப்போது பதிவேட்டில் ஏறிவிட்டது, பின்னால் மோசமானால் தொடர்பை மீண்டும் நிரூபிக்க வேண்டாம், அதன் பத்தாண்டுக் கணக்கும் ஓடத் தொடங்கிவிட்டது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தோள்பட்டைக்கு எந்தப் படிவம் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 24

2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள முறைப்படி, இந்தத் தீர்ப்பை எதிர்க்க மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. மேல்நிலை மறுஆய்வில் புதிய ஆதாரம் கொடுக்க முடியாது. ஆனால் வெறும் கருத்து வேறுபாட்டை வைத்துத் தீர்ப்பை எனக்குப் பாதகமாக மாற்றவும் முடியாது. மேல்முறையீட்டு வாரியம் நீண்ட காத்திருப்பு. எனக்கு வேண்டியது புதிய ஆதாரம் என்பதால், அதைச் சேர்த்து மீண்டும் கேட்கும் துணைக் கோரிக்கையே பொருத்தம். வலி முற்றும்போது இயக்கம் எவ்வளவு குறையும் என்பதைப் பரிசோதகர் மதிப்பிட முயல வேண்டும் என்று 2017-இல் ஷார்ப் எதிர் ஷுல்கின் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. என் பரிசோதனை அறிக்கையில் அதற்கான இடத்தில் எண் எதுவும் இல்லை.

அடுத்த முறை வலி முற்றும்போது உடனே வரும்படியும், குனிவை அன்றே அளந்து எழுதித் தருவதாகவும் பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளோடு, தொகையைக் கணக்கிடத் தொடங்கும் இந்த விண்ணப்பத்தின் பழைய தேதியையும் இழக்காமல் துணைக் கோரிக்கை போட 2026 ஆகஸ்ட் 5 வரை அவகாசம் இருக்கிறது.