அப்பாவின் டிஸ்எபிலிட்டி பென்ஷன்: நெட் காப்பியும் சர்டிஃபைடு காப்பியும்

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்கு ஜெயித்த குடும்பங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு இணையத்தில் ஏறிவிட்டதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அன்றைக்கே, தீர்ப்பாயமே சான்றளித்துத் தரும் சர்டிஃபைடு காப்பிக்கு மனுப் போடுங்கள்.

படையில் இருந்த அப்பாவுக்கு ரத்த அழுத்தம், அதனால் வந்த உடல் குறைபாடு 30 சதவீதம். பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று மெடிக்கல் போர்டு எழுதியதால், குறைபாட்டுக்கான டிஸ்எபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டது. தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் ஓ.ஏ. என்னும் மூல மனுப் போட்டோம். இதே நோய்க்கு மற்ற அமர்வுகள் கொடுத்த உத்தரவுகள் இணையத்தில் கிடைத்தன. இறக்கி வக்கீலிடம் கொடுத்தோம். முகம் தெரியாத ஹவில்தார்கள் நடத்திய வழக்குகள்தான் எங்களுக்குப் பாதை போட்டன. சேரும்போது நோய்க் குறிப்பு இல்லையென்றால் ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பும் கைகொடுத்தது. ஜெயித்தோம். அதே நீதிமன்றத்தின் 2014 ராம் அவ்தார் தீர்ப்பின்படி, பென்ஷன் கணக்குக்கு 30 சதவீதம் 50 ஆனது. நிலுவை மட்டும் மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். வயிற்றெரிச்சலாக இருந்தாலும், 2008 தர்செம் சிங் தீர்ப்புக்குப் பிறகு தாமதமாகப் போன பலருக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

கஷ்டம் அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. இணையத்தில் வந்த தீர்ப்பை பிரிண்ட் எடுத்து, அப்பாவையும் அழைத்துக்கொண்டு வடக்கே இருக்கும், அப்பாவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்த கிளார்க் முதல் பக்கத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. “இது நெட் காப்பி” என்று திருப்பித் தள்ளினார். சரி, அது விதி. ஆனால் இன்னொன்றையும் காட்டினார். தீர்ப்பில் அப்பாவின் சர்வீஸ் நம்பரில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. மனுவை டைப் செய்த கடையின் கைங்கரியம். மனுவில் இருந்தது அப்படியே தீர்ப்பிலும் ஏறிவிட்டது. “நம்பர் வேறு, ஆள் வேறு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதிரே நிற்கும் ஆளும் டிஸ்சார்ஜ் புத்தகமும் அவருக்குப் போதவில்லை!

திரும்பி வந்து திருத்தம் கேட்டு எம்.ஏ. என்னும் துணை மனுப் போட்டோம், கிடைத்தது. திருத்த உத்தரவு தனித்தாளாகத்தான் வரும். மூலத் தீர்ப்போடு அதற்கும் சர்டிஃபைடு காப்பி வாங்கிச் சேர்த்தே அனுப்புங்கள். பெயர், சர்வீஸ் நம்பர், சதவீதம், தேதி நான்கையும் இணையத்தில் வந்த அன்றே சரிபாருங்கள். அதற்கு நெட் காப்பி போதும்.

அப்பாவுக்கு வேறொரு வருத்தம். நோயின் பெயர் முதல் ரேங்க் வரை எல்லாம் பொதுவில் கிடக்கிறது. சம்பந்தி வீட்டில் யாரோ தேடிப் படித்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் என்பதால் சிரித்துக் கடந்தோம். மனநோய் வழக்கென்றால் பெயரை மறைக்கக் கேட்கலாமா என்று வக்கீலிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சர்டிஃபைடு காப்பியை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் உத்தரவில் பணம் கொடுக்க வேண்டிய கெடு, அந்தக் காப்பி அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும் என்று இருந்தது. கெடு தாண்டினால் வட்டி. அதனால் இம்முறை பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் பத்திரமாக வைத்தோம். பென்ஷன் வழங்கும் உத்தரவான பி.பி.ஓ. திருத்தப்பட்டு, கெடுவுக்குள் வந்துவிட்டது. நிலுவைக் கணக்கை மட்டும் நான் இன்னும் மாதம் மாதமாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.