உப்புக்காற்று தின்ற கலர் டிவி

பழைய இரும்புக்குப் போகவிருந்த சாலிடேர் கலர் டிவியை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மச்சான் வீட்டுக் கொல்லையிலிருந்து தூக்கி வந்தேன். பின்மூடியைக் கழற்றினால் போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு, ஸ்பீக்கருக்குள் பல்லி முட்டை. கடற்காற்று செம்பை விட்டுவைக்காது. பிக்சர் டியூப் பிழைத்திருந்தது, அதுதானே உயிர்!

முதலில் பிக்சர் டியூபுக்கு மின்சாரம் ஏறும் முனையான ஆனோடை எர்த் பண்ணினேன். 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற இடம். அணைத்த பிறகும் மின்சாரம் மிச்சம் நிற்கும், விளையாடக் கூடாது. அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி, போர்டில் விட்டுப்போன பாகங்களின் கால்களை மறுபடி பற்றவைத்தேன். படம் வந்தது, ஒரு மூலையில் ஊதா படர்ந்து. டீகாஸ் பண்ணியதும், அதாவது டியூபில் ஏறியிருந்த காந்தத்தை நீக்கியதும், சரியாகிவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்து, "ரூபவாகினி வருமாடா?" என்றார். அந்தக் காலத்தில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினால் போதும், அந்த நாட்டு டிவியான ரூபவாகினி வந்துவிடும். இப்போதைக்கு செட்டாப் பாக்ஸ்தான்மா.