வாங்கிய விலை பூஜ்யமா?

நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடிவந்த இரண்டாம் வருஷம் கம்பெனி சம்பளத்தோடு தவணை தவணையாகத் தரும் ஆர்எஸ்யூ பங்குகளில் 60 மார்ச் நடுவில் என் பெயருக்கு வந்தன. அன்றைய விலை 50 டாலர். வரிக்கென்று 20 பங்கைப் பிடித்துக்கொண்டு 40ஐக் கணக்கில் போட்டார்கள். மே கடைசியில் அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. 48 டாலர் வீதம் 40ஐயும் விற்றேன். 1,920 டாலர் கிடைத்தது.

மறுவருஷம் பிப்ரவரியில் புரோக்கரிடமிருந்து, பங்கு விற்ற விவரம் சொல்லும் 1099-பி படிவம் வந்தது. வாங்கிய விலை என்ற கட்டத்தில் பூஜ்யம். அதை அப்படியே வரி மென்பொருளில் ஏற்றினேன். 1,920ம் லாபம் என்று காட்டி, வரி நானூறு டாலருக்கு மேல் கூடியது. ஊரில் பங்கு வாங்கி விற்றுப் பழக்கமில்லை. இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று கட்டவே தயாராகிவிட்டேன்.

மாடி வீட்டு அக்காதான் தடுத்தார். "முதல்ல டபிள்யூ-2வை எடுங்க தம்பி" என்றார். கம்பெனி தரும் வருஷச் சம்பளப் படிவம் அது. அதில் 60 பங்கின் மதிப்பு 3,000 டாலரும் என் சம்பளத்தோடு ஏற்கெனவே சேர்ந்திருந்தது. பங்கு கைக்கு வந்த அன்றே அது சம்பளம், அதற்கு வரியும் பிடித்தாயிற்று. அப்படியானால் என் வாங்கிய விலை பங்குக்கு 50 டாலர். பூஜ்யம் என்று விட்டிருந்தால் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி. புரோக்கர் தளத்தில் தனியாகக் கிடந்த கூடுதல் அறிக்கையில் சரியான விலை இருந்தது. அதை யாரும் தபாலில் அனுப்பவில்லை, நாமே போய்த் தேடி எடுக்க வேண்டும்.

வாங்கிய விலை அரசுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று என் 1099-பி சொன்னது. அதனால் பங்கு விற்பனைகளை வரிசையாக எழுதும் 8949 படிவத்தில் குறுகிய காலப் பகுதியில் பி கட்டத்தைக் குறித்து, விலையை 2,000 என்று நேரடியாக எழுத முடிந்தது. 80 டாலர் நஷ்டம்.

ஆனால் அது முழுதாக நிற்கவில்லை. விற்ற மூன்றாம் வாரம், ஜூன் நடுவில், அடுத்த தவணையாக 10 பங்கு வந்திருந்தது. நஷ்டத்துக்கு விற்ற நாளுக்கு முன்னும் பின்னும் 30 நாளுக்குள் அதே பங்கு கைக்கு வந்தால் அது வாஷ் சேல். நான் காசு கொடுத்து வாங்கவில்லையே என்று கேட்டேன். ஆர்எஸ்யூவாக வந்தாலும் அதே கதைதான் என்றார் அக்கா. 10 பங்குக்கு 20 டாலர் நஷ்டத்தை இப்போது கழிக்க முடியாது. அது புதுப் பங்குகளின் விலையோடு சேர்ந்துகொள்ளும். 8949இலேயே வாஷ் சேலுக்கான டபிள்யூ என்ற குறியிட்டு 20ஐ எழுதினேன். லாப நஷ்டத்தைக் கூட்டிக் காட்டும் ஷெட்யூல் டி படிவத்துக்குப் போனது 60 டாலர் நஷ்டம். சம்பளத்தில் வருஷத்துக்கு 3,000 டாலர் வரை நஷ்டத்தைக் கழிக்கலாம், மிஞ்சியது அடுத்த வருஷத்துக்குப் போகும்.

அப்புறம் என் அறைத்தோழனின் ஞாபகம் வந்தது. முந்தைய வருஷம் அவனும் பூஜ்யத்தை அப்படியே ஏற்றிப் பணம் கட்டியிருந்தான். வரிக் கணக்கு கொடுத்த மூன்று வருஷத்துக்குள், அதைத் திருத்தும் 1040-எக்ஸ் படிவம் போட்டால் திரும்பக் கேட்கலாம். அந்தச் சனிக்கிழமையே அவனுடைய பழைய அறிக்கைகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.