பெங்களூரில் வீட்டு அட்வான்ஸைத் திரும்பப் பெற்ற விதம்

பெங்களூரில் வாடகைக்கு வீடு எடுப்பவர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். சில பகுதிகளில் இப்போது ஐந்து, ஆறு மாதமாகக் குறைந்திருந்தாலும், ஒரு குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பகுதி வட்டியில்லாமல் இன்னொருவர் கையில் கிடக்கிறது என்ற நிலை மாறவில்லை. லிங்கராஜபுரத்தில் நாங்கள் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். காலி செய்தபோது அதில் 95,000 ரூபாயைப் பிடித்துக்கொள்வதாகவும், மீதியை அடுத்த குடித்தனக்காரர் வந்த பிறகுதான் தர முடியும் என்றும் உரிமையாளர் சொன்னார். அந்தப் பணம் எப்படித் திரும்பி வந்தது என்பதை, எங்களைப் போல ஊரைவிட்டு வந்து இங்கே வாடகை வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஒப்பந்தம் என் பெயரில் இருந்தது. பதினொரு மாதத்துக்கு எழுதி, சில முறை புதுப்பித்து, கடைசியில் புதுப்பிக்காமலேயே மாத வாடகையாகத் தொடர்ந்தோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் எல்லோரும் பதினொரு மாதத்துக்கு எழுதுகிறார்கள். காலி செய்ய இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்காகப் பிடித்துக்கொள்ளலாம், சாவியை ஒப்படைக்கும்போது மீதி அட்வான்ஸைத் தர வேண்டும் என்ற மூன்று வரிகளும் அதில் தெளிவாக இருந்தன. கடைசி மாதங்களில் வாடகை 23,000 ரூபாய். எனவே பெயின்டிங்குக்கு 23,000 போவதில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை. இரண்டு மாத நோட்டீஸை மின்னஞ்சலிலும் கடிதமாகவும் கொடுத்துவிட்டோம்.

வீட்டைப் பார்வையிட வந்த உரிமையாளர் எதுவும் சொல்லாமல் போய்விட்டு, அன்று இரவு கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிய ஒரு கணக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெயின்டிங் 46,000, சமையலறை அலமாரி 32,000, குளியலறைக் கதவு 9,000, கிளீனிங் 8,000 என்று நான்கு வரிகள் இருந்தன. எந்த வரிக்கும் பில்லோ, மதிப்பீட்டுத் தாளோ இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, "அடுத்த பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்கட்டும் அம்மா, உடனே போட்டுவிடுகிறேன்" என்றார். வருகிறவரின் அட்வான்ஸை வாங்கிப் போகிறவருக்குக் கொடுப்பது இந்த ஊரில் மிகப் பரவலான பழக்கம். நாங்கள் கொடுத்த பணம் எப்போதோ செலவாகியிருக்கும். ஆனால் அவருக்கு அடுத்த ஆள் கிடைப்பதற்கும் எங்களுக்கு அவர் பணம் தர வேண்டியதற்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒப்பந்தத்தில் அப்படியொரு நிபந்தனை எழுதப்படாதவரை, சாவியைக் கொடுத்த நாளிலேயே அது அவர் தர வேண்டிய கடனாகிவிடுகிறது.

பணம் வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள் என்று உறவினர் பலர் சொன்னார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு நம் வசம் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் உரிமையாளர் வாடகை கேட்பார், அதை அட்வான்ஸிலிருந்தே கழிப்பார், கடைசியில் கேட்பதற்கே பணம் மிஞ்சாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் சாவியை ஒப்படைத்தோம். பெற்றுக்கொண்டதற்கு உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டதால், ஒவ்வோர் அறையையும், மின் மீட்டரின் அளவையும், சாவி கைமாறியதையும் வீடியோவாக எடுத்துக்கொண்டோம். இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம் என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதே கடிதத்தை ஒப்புகையுடன் கூடிய அஞ்சலிலும் அனுப்பினோம். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கடிதமே அடித்தளமாக அமைந்தது.

காவல் நிலையத்தில் இது சிவில் தகராறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அதற்குப் பிறகுதான் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் முதலில் தெளிவுபடுத்தியது, எந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும் என்பதை. கர்நாடக வாடகைச் சட்டம் 1999 என்று ஒன்று இருக்கிறது. ஆனால் பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது. அதாவது இன்று நகரில் வாடகைக்கு இருக்கும் பெரும்பாலானோருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. மத்திய அரசு 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. மாநிலங்கள் அதைத் தங்கள் சட்டமாக்கினால்தான் அது செல்லும். எங்கள் பிரச்சினை நடந்தபோது கர்நாடகத்தில் அது சட்டமாகியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகை என்ற வரம்பு இருக்கிறது. அதை இங்கே காட்டிப் பேச முடியாது. எங்களுக்கு மிஞ்சியவை எங்கள் ஒப்பந்தமும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும்தான்.

பழைய சட்டங்கள் என்று நினைத்து நான் சோர்ந்திருந்தேன். ஆனால் அவையே போதுமானவையாக இருந்தன. வீட்டை எந்த நிலையில் பெற்றோமோ அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் இயல்பான பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானத்துக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. நான்கு ஆண்டுகள் நால்வருக்குச் சமைத்த சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிப் பலகையின் ஓரம் உப்பி, ஒட்டியிருந்த லேமினேட் உரிந்திருந்தது. அது தேய்மானம், சேதம் என்று அதைச் சொல்ல முடியாது. அதற்காக முழு அலமாரியையும் புதிதாகச் செய்து தரும் பொறுப்பு எங்களுக்கு இல்லை. இழப்பு ஏற்பட்டது என்று சொல்பவர்தான் அந்த இழப்பையும் அதன் அளவையும் காட்ட வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னது, என் மனத்திலிருந்த பாரத்தைப் பெரிதும் குறைத்தது. அதுவரை, நாங்கள் குற்றமற்றவர்கள் என்று நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குளியலறைக் கதவின் கதை வேறு. மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கசிந்த நீர் சுவர் வழியாக இறங்கிக் கதவின் நிலைச்சட்டத்தை ஊற வைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஈரம் படர்ந்த சுவரின் படங்களோடு அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். "பிளம்பரை அனுப்புகிறேன்" என்ற அவருடைய பதிலும் அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை. இந்த வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுப்பதானால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர். அதனால் பழைய தொலைபேசியை மாற்றாமலும், உரையாடலை அழிக்காமலும் வைத்திருந்தேன்.

ஒப்பந்தத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. புரோக்கர் 100 ரூபாய் இ-ஸ்டாம்ப் தாளில் அடித்துக் கொடுத்த ஒப்பந்தம் அது. முத்திரைக் கட்டணம் குறைவாக இருந்தால், கர்நாடக முத்திரைச் சட்டத்தின்படி குறைவாக உள்ள தொகையோடு அதன் பத்து மடங்கு அபராதமும் கட்டிய பிறகே நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்கும். நல்ல வேளையாக, அட்வான்ஸ் முழுவதும் வங்கிக் கணக்கிலிருந்தே போயிருந்தது. பரிமாற்றக் குறிப்பில் வீட்டு அட்வான்ஸ் என்றும் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்தவர்களுடைய நிலையை நினைத்தால் எனக்கு இப்போதும் கவலையாகத்தான் இருக்கிறது.

வழக்கறிஞர் நோட்டீஸ் ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. சாவி கொடுத்த தேதி, பெயின்டிங் போக வர வேண்டிய 1,77,000 ரூபாய், மற்ற ஒவ்வொரு பிடித்தத்துக்கும் பில் கேட்டல், பதினைந்து நாள் கெடு ஆகியவற்றுடன், அதற்குப் பிறகு வட்டியும் கோரப்படும் என்ற வாக்கியமும் அதில் இருந்தது. கடைசி வாக்கியம் வெறும் மிரட்டலாகச் சேர்க்கப்பட்டதன்று. 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டத்தின்படி, வட்டி கோரப்படும் என்று எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து நீதிமன்றம் வட்டி வழங்க இடமுண்டு. நோட்டீஸ் கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை.

பணத்துக்கான வழக்கைப் போட மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. ஆனால் வழக்கின் செலவையும் காலத்தையும் எண்ணித் தயங்கியபோது, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம் என்று வழக்கறிஞரே வழிகாட்டினார். இது பலருக்குத் தெரிவதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர் ஆகியோருக்கும் அந்த உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம். எச். சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுல கட்டடத்தில் மனுவைக் கொடுத்தேன். நீதிமன்றக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. கன்னடம் எழுதத் தெரியாதே என்று தயங்கிக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் எழுதிய மனுவை மறுப்பின்றி வாங்கிக்கொண்டார்கள்.

ஆணையத்திலிருந்து அழைப்பு போனதும் உரிமையாளர் தம் மகனுடன் வந்தார். அத்தனை மாதமாகத் தொலைபேசியையே எடுக்காதவர், அன்று எங்களுக்கு எதிரே அமைதியாக உட்கார்ந்திருந்தார். அமர்வில் இருந்தவர் அந்த நோட்டுத் தாள் கணக்கை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாகச் சுட்டி, "இதற்குப் பில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அலமாரி மாற்றப்படவே இல்லை, அந்த அலமாரியோடுதான் வீடு புதியவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் வெளிவந்தது. கதவைப் பற்றிய செய்தியையும் படங்களையும் காட்டினேன். மகன் அவற்றைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கன்னடத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார்.

பெயின்டிங்குக்கு 23,000, கிளீனிங்குக்கும் சுவரில் ஆணி அடித்த துளைகளுக்குமாக 5,000 போக, 1,72,000 ரூபாயை இரண்டு தவணையாகத் தர அவர் ஒப்புக்கொண்டார். வட்டியை நாங்கள் விட்டுக்கொடுத்தோம். அதை விட்டுக்கொடுத்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். அந்தத் தொகைக்காக இன்னும் சில ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடக்க எங்களால் முடியாது. உடன்பாட்டை லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தின் முன் பதிவு செய்து இருவரும் கையெழுத்திட்டோம். அப்படிப் பதிவான தீர்ப்பு சிவில் நீதிமன்ற ஆணைக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. தனியாக ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியிருந்தால் இந்த வலிமை அதற்கு இருந்திருக்காது.

முதல் தவணை சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது வரவில்லை, மறுபடியும் அடுத்த மாதம் என்று பேச்சு தொடங்கியது. தீர்ப்பின் நகலை இணைத்து, ஒரு வாரத்துக்குள் வராவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் என்று வழக்கறிஞர் இரண்டு வரி எழுதி அனுப்பினார். அந்த வாரம் முடிவதற்குள் மீதி 86,000 ரூபாயும் என் கணக்கில் வரவாகிவிட்டது.